மினெகே வாசலில் பொம்மை வேண்டாம்

மினெகே செய்த குற்றம் இவ்வளவுதான். ஹெர்மின் வீட்டுச் சமையலறையில் எல்லோரோடும் உட்கார்ந்து காகித ரோஜா மடித்துக்கொண்டிருந்தபோது, வருகிற மே மாதம் தனக்கு ஐம்பது வயதாகிறது, தன் வாசலில் சாரா பொம்மை வைக்க வேண்டாம் என்று சொன்னாள். அடிதடி இல்லை, களவு இல்லை. வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை. அதற்கே எங்கள் சாலை இரண்டு மாதம் தூக்கம் கெட்டுத் திரிந்தது.

எங்கள் சாலை ஜெர்மனி எல்லைக்கு இந்தப் பக்கம், சோளக் கொல்லைகளுக்கு நடுவே போகிறது. வீடுகள் கொஞ்சம், கடமைகள் ஏராளம். ஒரு வீட்டில் கல்யாண வெள்ளி விழா என்றால் மற்ற வீட்டுக்காரர்கள் கூடி ஊசியிலைக் கிளையும் காகித ரோஜாவும் கட்டி வாசலில் வளைவு வைக்க வேண்டும். பிள்ளை பிறந்தால் மரத்தால் செய்த நாரையை நட வேண்டும். யாராவது செத்தால் சவப்பெட்டியைத் தூக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஐம்பது வயதானால், அன்று விடிவதற்குள் அவள் வாசலில் சாரா நின்றாக வேண்டும். சாரா என்பவள் வைக்கோல் அடைத்த கிழவி. தலையில் முக்காடு, மார்புக்கு இரண்டு பலூன், கையில் துடைப்பம். பக்கத்திலேயே பிறந்த நாள்காரியின் சின்ன வயதுப் படம், இருப்பதிலேயே அசிங்கமானதாகப் பார்த்துப் பொறுக்கி, படுதா அளவுக்குப் பெரிதாக்கி. போகிற வருகிற வண்டியெல்லாம் ஹாரன் அடிக்கும். ஆண்களுக்கும் இதே கதிதான், பெயர் மட்டும் ஆபிரகாம், வேதத்தில் சாராவின் கிழப் புருஷன். மானம் போகிற வேலைதான், ஆனால் பிரியத்தோடு வாங்குகிற மானம் என்று எங்களுக்குள் ஒரு சமாதானம்.

மினெகே தன் கோரிக்கையைச் சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கும் காரணம் உண்டு. எங்கள் ஊரில் ஐம்பதை நெருங்குகிற ஒவ்வொருவரும் பொம்மை வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் பெரிதாக வை என்று அர்த்தம். டிராக்டர் வைத்திருக்கும் டோனி, தனக்கு ஆபிரகாமே வேண்டாம் என்று சத்தியம் செய்தான். அவனுடைய ஆபிரகாமைத் தீவனக் கோபுரத்தின் உச்சியில் கட்டித் தொங்கவிட்டார்கள். அவன் அண்ணாந்து பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதான், ஆனந்தத்தில். அதனால் மினெகே வாயைத் திறந்த அந்த நிமிடமே அவளுடைய சாரா இரண்டு ஆள் உயரம் வளர்ந்துவிட்டாள். பொம்மைகளுக்கெல்லாம் பொறுப்பாளி டோனிதான். இந்த முறை சாராவின் கையை ஆட்ட ஒரு மோட்டார் பொருத்தப்போவதாக அன்றைக்கே அறிவித்தான்.

மறுநாள் மினெகே ஹெர்மினைச் சாலையில் மடக்கி, தான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே வேண்டாம் என்றாள். ஹெர்மின் சைக்கிளை விட்டு இறங்கினாள். அடுத்த வீட்டுக்காரி, மினெகேயைவிடப் பதினைந்து வயது மூத்தவள், சாலையில் எது நடந்தாலும் முன்னால் நிற்பவள். கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நல்லவள்தான், அதுதான் தொல்லை. ஏன் வேண்டாம் என்று கேட்டாள். வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான் என்றாள் மினெகே. ஹெர்மின் அவள் முகத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தத் தட்டல் மினெகேவுக்குப் பிடிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு சாலை காரணம் தேடத் தொடங்கியது. வயதாவதை அவளால் தாங்க முடியவில்லை என்றார்கள் சிலர். அவள் பேக்கரியில் வேலை செய்கிறவள். ஐம்பதுக்காரிகளுக்காகச் சுடும் சாரா ரொட்டிக்குச் சர்க்கரைப் பாகில் கண்ணும் மூக்கும் வைப்பது அவள் கைதான், வைத்து வைத்துச் சலித்திருக்கும் என்றார்கள் வேறு சிலர். பென்னியோடு மனத்தாங்கல் என்று ஒரு கட்சி. அவள் ஏதோ ஒரு சபையில் சேர்ந்துவிட்டாள், அங்கே பொம்மை பாவமாம் என்று இன்னொரு கட்சி. கடைசியில் ஒருத்தி குரலைத் தாழ்த்தி, பாவம், அவள் வாசலில் நாரை நின்றதே இல்லையே, பிள்ளை இல்லாதவள் மனசு யாருக்குத் தெரியும் என்று எடுத்துவிட்டாள். இது பேக்கரிக்கு ரொட்டி வாங்க வந்த கூடையோடு மினெகே காதுக்கும் வந்து சேர்ந்தது. பிள்ளை இல்லாத வருத்தத்தை அவள் எப்போதோ அழுது தீர்த்துவிட்டாள். அதைத் தோண்டி எடுத்துப் பொம்மைக்கு முட்டுக் கொடுத்தவர்கள்மேல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று அவள் கண் வைத்த சாராக்கள் எல்லாம் முறைத்துக்கொண்டிருந்தன.

வேடிக்கை என்னவென்றால், அவளும் காரணத்தைத் தேடிப் பார்த்தாள். மாவு பிசையும்போது தேடினாள், குளிக்கும்போது தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. வயதைப் பற்றிக் கவலை இல்லை. பலூன் மார்பு அசிங்கம்தான், ஆனால் மற்றவர்கள் வாசலில் பார்த்தபோது அவளும் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான். வேண்டாம் என்று தோன்றுகிறது. அதற்கு அடியில் தோண்டினாலும் வேண்டாம்தான் இருக்கிறது. இதுவரை அவள் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பந்தைக் கண்டாலே பயம், ஆனாலும் ஆள் குறைகிறது என்றார்கள் என்று பல வருடம் சாலையின் வாலிபால் அணியில் நின்று முகத்தில் அடி வாங்கினாள். குரலே வராது, தேவாலயப் பாட்டுக் குழுவில் வாயை மட்டும் அசைத்தாள். வேலிக்கு எல்லோரும் பச்சை அடித்தார்கள், அவளும் அடித்தாள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லி வந்த வாயில் முதல் தடவையாக ஒரு வேண்டாம் முளைத்திருக்கிறது. அதைக் கிள்ளி எறிய அவளுக்கு மனம் வரவில்லை.

அவளுக்கு நன்றி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அம்மா இறந்தபோது இந்தச் சாலைதான் எல்லாவற்றையும் செய்தது. அடக்கம் முடிகிற வரை மினெகே ஓர் உருளைக்கிழங்குகூடத் தோல் சீவவில்லை. நல்லது செய்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்வது கஷ்டம், கெட்டவர்களிடம் சொல்வது என்ன பெரிய காரியம்.

பென்னி, அவள் கணவன், பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். எந்தப் பண்ணைக்குப் போனாலும் உன் பெண்டாட்டிக்கு என்ன என்று கேட்டு அவன் உயிரை வாங்கினார்கள். சண்டை என்றால் காத தூரம் ஓடுகிற மனிதன். என்ன செய்தானோ தெரியவில்லை, ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் திடீரென்று எல்லாம் அடங்கிவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஹெர்மின் ஒரு பானை நிறையக் கோழி சூப் கொண்டுவந்து வைத்தாள், குட்டிக் குட்டிக் கறி உருண்டைகள் மிதந்தன. டோனி கேட்காமலே வந்து புல் வெட்டிவிட்டுப் போனான். பொம்மை கிடையாது, நீ நிம்மதியா இரு என்று ஹெர்மின் அவள் கையைப் பிடித்துச் சொன்னபோது மினெகேவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவழியாகப் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தாள். சூப்பும் அபாரமாக இருந்தது, இரண்டு தட்டு குடித்தாள்.

பேக்கரிக்கு ரொட்டி வாங்க வந்த கிழவர் ஒருவர்தான் குட்டை உடைத்தார். மாவு மூட்டையைத் தூக்கப்போனவளைத் தடுத்து, இதயத்தை வைத்துக்கொண்டு இதெல்லாம் செய்யலாமா என்று கடிந்துகொண்டார். எந்த இதயம் என்று மினெகே கேட்டாள். அவர் அவள் மார்பைக் கையால் காட்டிவிட்டு, வெட்கப்பட்டு, ரொட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் பென்னி முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு இதயத்துல என்ன?"

பென்னி செய்தித்தாளைக் கீழே வைத்தான். "லேசா படபடப்பு, அதிர்ச்சி ஆகாதுன்னு மட்டும்தான் சொன்னேன். ஆபரேஷன் வரைக்கும் போனது அவங்களா சேர்த்துக்கிட்டது."

"எதுக்குச் சொன்ன?"

"நீ கேட்டது கிடைச்சிடுச்சு இல்ல? பொம்மை வராது. யாருக்கும் மனசும் நோகல. அப்புறம் என்ன உனக்கு?"

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிற மாதிரிதான் இருந்தது. மினெகே நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"நான் கேட்டது இது இல்ல, பென்னி. சீக்காளி வேணாம்னா உடனே கேக்கறாங்க. குத்துக்கல்லாட்டம் இருக்கறவ வேணாம்னா காதுல விழ மாட்டேங்குது. இந்த ஊர்ல ஒருத்தி தன் இஷ்டத்துக்கு இருக்கணும்னா சாகக் கிடக்கணுமா?"

இன்னும் மூன்று வாரம் பொறுத்துக்கொள், பிறந்த நாள் தாண்டியதும் மருந்து கேட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றான் பென்னி. யோசித்துப் பார்த்தால் பிழைக்கத் தெரிந்த யோசனை. அவள் எழுந்து சூப் பானையைத் தேய்த்துக் கழுவினாள். அடிப்பிடித்தது ஒன்றுமில்லை, ஆனாலும் வெகு நேரம் தேய்த்தாள். பிறகு பானையைத் தூக்கிக்கொண்டு ஹெர்மின் வீட்டுக்கு நடந்தாள்.

அங்கே சாலையே கூடியிருந்தது. வெள்ளி விழா வளைவுக்கு இன்னும் ரோஜா போதவில்லை. மேஜை முழுக்கச் சிவப்பும் வெள்ளையும் காகிதம். அவளைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள், ஒருவர் ஜன்னலைத் திறந்து காற்று வர வழி செய்தார். மினெகே உட்காரவில்லை. பானையை அடுப்பு மேடையில் வைத்தாள்.

"எனக்கு இதயத்துல ஒண்ணும் இல்ல. நல்லா ஓடுது. பென்னி பொய் சொல்லிட்டான். சூப்பு நல்லா இருந்துச்சு, அதுக்கு ரொம்ப நன்றி, ஆனா நான் குடிச்சிருக்கக் கூடாது."

யார் முகத்திலும் ஈயாடவில்லை. டோனி கையிலிருந்த ரோஜாவைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"அப்ப வேற என்ன?" என்றாள் ஹெர்மின்.

"வேற ஒண்ணும் இல்ல. எனக்கு வேணாம்."

"ஏதோ ஒரு காரணம் இருக்கும்ல. சொல்லு. சொன்னா நாங்க விட்டுடப் போறோம்."

"சொன்னாத்தான் விடுவீங்கன்னா, அது நீங்க விட்டதா ஆகுமே தவிர நான் சொன்னதா ஆகாது."

ஹெர்மினுக்கு இது விளங்கவில்லை. விளங்காததைவிட அவளுக்கு அது வலித்தது, கழுத்து சிவந்துவிட்டது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"உங்கம்மாவுக்குக் கடைசி உடுப்பு போட்டது இந்தக் கை, மினெகே. எதுக்கு வந்தீங்கன்னு அன்னைக்கு நீ என்னைக் கேக்கல."

இதுதான் வரும் என்று மினெகே எதிர்பார்த்தாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சரி, பொம்மையை வையுங்கள், மோட்டாரையும் மாட்டுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எவ்வளவு சுலபம் அது.

"மறக்கல. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். உங்களுக்கு முடியாம போனா நானும் வந்து நிப்பேன். ஆனா அதுக்கு விலையா என் வாசலக் கேக்காதீங்க."

ஹெர்மின் கத்தரிக்கோலை மறுபடி எடுத்து ஒரு காகிதத்தை வெட்டினாள். பிறகு, அவ்வளவு தீர்மானமாக இருந்தால் சரி, பொம்மை கிடையாது என்றாள். ஆனால் சாரா நிற்காத ஐம்பதுக்கு இந்தச் சாலை போனதில்லை, இனியும் போகாது, அன்றைக்கு யாரும் வர மாட்டார்கள் என்றும் சொன்னாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். டோனி மட்டும் வாயைத் திறந்தான், மோட்டார் நன்றாக வேலை செய்கிறதே என்று முனகினான்.

பிறந்த நாள் ஒரு சனிக்கிழமை வந்தது. மினெகே விடிந்ததும் திரையை விலக்கிப் பார்த்தாள். வாசல் வெறுமையாக இருந்தது. பொம்மை இல்லை, படுதா இல்லை, ஒரு பலூன்கூட இல்லை. புல்லில் ஒரு காக்கை நடந்துகொண்டிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிப் பார்த்தாள். சொல்லுக்குக் கீழே வயிறு காலியாக இருந்தது.

பேக்கரியிலிருந்து தன் கையாலேயே செய்து கொண்டுவந்த கேக் இருந்தது, சாலை முழுவதற்கும் போதும். பென்னி பழக்கதோஷத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டான், எடுக்கவும் மனமில்லாமல் நின்றான். அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். நடுவில் காலி நாற்காலிகள். வழக்கமாக இந்த நேரத்துக்கு வீட்டுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் வட்டத்தைச் சுற்றி வந்து பிறந்த நாள்காரியையும், அவள் கணவனையும், பக்கத்து வீட்டுக்காரனையும், எல்லோரையும் கை குலுக்கி வாழ்த்துவார்கள். அந்தச் சடங்கை மினெகே எத்தனையோ முறை வைதிருக்கிறாள். இன்று பென்னி எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கினான், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிப்போய் உட்கார்ந்தான்.

மத்தியானம் வரை யாரும் வரவில்லை. ரோட்டில் போன வண்டிகள் ஹாரன் அடிக்கவில்லை. மினெகே அழுதாள். பொம்மைக்காக அழுதாளா, ஹெர்மினுக்காக அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தனியாக விடப்பட்டது பொறுக்க முடியாமல் வலித்தது, அதுதான் உண்மை. இப்போதே போய்ப் பேசிவிடட்டுமா, டோனியிடம் பொம்மை தயாராகத்தான் இருக்கிறது என்று பென்னி கெஞ்சினான்.

"போகாதே," என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "அழுறது என் பாடு. அழறேன்கிறதுக்காகச் சொன்னது தப்பாயிடாது."

அவன் கேக்கில் ஒரு துண்டு வெட்டி அவள் தட்டில் வைத்தான்.

நாலு மணி இருக்கும், முன்வாசல் மணி அடித்தது. எங்கள் சாலையில் முன்வாசல் மணியை அடிப்பவர்கள் மூன்றே பேர்: போலீஸ்காரர், பாதிரியார், எதையாவது விற்க வருகிறவன். நாங்கள் எல்லாம் பின்பக்கமாக வந்து, கதவைத் தட்டாமல் திறந்து, ஆள் இருக்கா என்று கத்திக்கொண்டே சமையலறையில் உட்கார்ந்துவிடுவோம். அப்படி வந்து ஹெர்மின் பென்னியைத் துண்டோடு பார்த்த நாட்கள் பல. அதனால் மினெகே யாரோ வெளியாள் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

ஹெர்மின் நின்றிருந்தாள். கையில் பூ இல்லை, பரிசு இல்லை. கோபமாகத்தான் இருந்தாள்.

"உள்ள வரலாமா?"

முப்பது வருடத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை. மினெகே கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"யாரும் வர்றதில்லைன்னு தானே பேசி முடிச்சீங்க?"

"பேசினோம். மத்தவங்க வரல. நான் வந்தது தெரிஞ்சா என்னைக் கிழிச்சிடுவாங்க."

"அப்ப எதுக்கு வந்தீங்க? முறைக்கா?"

"முறைன்னு பார்த்தா இன்னைக்கு நான் இந்தப் பக்கமே வரக் கூடாது." ஹெர்மின் காலணியின் மண்ணைப் படியில் தேய்த்தாள். தலை நிமிரவில்லை. "காலையில இருந்து ஜன்னல் பக்கத்துலயே நிக்கறேன். வரணும்போல இருந்துச்சு. காரணம் கீரணம்னு கேட்டுத் தொலைக்காதே."

இந்த வீட்டுக்குள் அவள் எத்தனை முறை வந்திருக்கிறாள். நோய்க்கு, சாவுக்கு, விருந்துக்கு, சாலையின் முறைக்கு. அதில் ஒன்றாவது தன்மேல் உள்ள ஆசையால் வந்ததா என்று மினெகேவுக்கு இதுவரை தெரியாது. கேட்கவும் வழி இருந்ததில்லை. இன்றைக்குத் தெரிந்துவிட்டது. அது அவளை உலுக்கிவிட்டது, மறுபடி கண் நிறைந்தது. வேண்டாம், போங்க என்று சொன்னால் ஹெர்மின் திரும்பி நடந்துவிடுவாள் என்பதும் இருவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் மினெகே அவளைக் கொஞ்ச நேரம் படியிலேயே நிற்க வைத்தாள். கிடைத்த சுகத்தை விடுவானேன்.

"வாங்க," என்றாள்.

ஹெர்மின் உள்ளே வந்தாள். வட்டமாகக் கிடந்த காலி நாற்காலிகளைப் பார்த்துத் தயங்கினாள். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று பென்னி சொன்னான். அவள் மினெகேவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேக்கை ஒரு வாய் தின்றுவிட்டு, சர்க்கரை ஜாஸ்தி என்றாள்.

"பிடிக்கலன்னா வச்சிடுங்க."

ஹெர்மின் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.